வான்கோழி கிடந்த ஐஸ்

இதை எழுத உட்கார்ந்ததற்கே முதலில் நீங்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள் நான். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்க மாட்டேன். பக்கத்தில் இருப்பவளின் காதில் சொல்வேன். அவள் எழுந்து சொல்லி நல்ல பேர் வாங்கிக்கொள்வாள். இன்றைக்கும் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் மணியை அடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்தவர் இறங்கும் இடத்தில் இறங்கி நடந்து வருகிறவள்தான். இப்படிப்பட்டவள் நாலு பேர் படிக்கும்படி எழுதலாமா என்று பல வருஷம் யோசித்தேன். இது நடந்த தோட்டத்தில் நன்றாக எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் இதை எழுதியிருக்க மாட்டார். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சப்பான்காரன் வருவதற்கு முந்தின காலம் அது. மலாயாவில், கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் புருஷனும் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். வெட்டு என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. வரிசையாக அறைகள் கட்டிய கூலிக்காரர் லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த அறையில் ஒரு அக்கா இருந்தாள். சொந்த அக்கா இல்லை. எனக்கு முன்னால் தோட்டத்துக்கு வந்தவள், வயதில் மூத்தவள், அதனால் அக்கா. அவளுக்கு மூன்று வயதில் ஒரே ஒரு பெண் குழந்தை. இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அவள் என்ன தாளிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் புருஷனோடு எதற்குச் சண்டை போட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.

நான் லயத்துக்குப் பின்னால் நாலைந்து நாட்டுக் கோழி வளர்த்தேன். ஒரு மழைக்காலத்தில் வெள்ளைக் கழிச்சல் வந்து லயத்துக் கோழியெல்லாம் செத்தபோது என்னுடையவை பிழைத்துக்கொண்டன. அதற்குக் காரணம் எனக்கே தெரியாது. ஆனால் அந்தப் பேச்சு ஆபீஸ் வரைக்கும் போயிருக்கிறது.

அந்த வருஷம் தோட்டத்துக்குப் புதுத் துரை வந்திருந்தார். அவருக்குத் தமிழில் வா, போ, சீக்கிரம் என்பதற்கு மேல் இன்னும் ஏறவில்லை. கூட வந்த துரைசானிக்குக் கிறிஸ்மஸ் விருந்தில் வான்கோழி இல்லாமல் முடியாதாம். பினாங்கிலிருந்து ரயிலில் ஒரு கூடை குஞ்சு வரவழைத்தாள். பெரிய கிராணியார் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு கறை பார்க்க முடியாது. தோட்டத்துக் கணக்கு, கடிதம், துரைக்கும் எங்களுக்கும் நடுவில் பேச்சு, எல்லாம் அவர்தான்.

"நீதானே கோழி வளக்கிறனி? நாளையிலிருந்து வெட்டுக்குப் போக வேண்டாம். பங்களாவிலை வான்கோழிக் குஞ்சைப் பார். ஒண்டும் சாகக் கூடாது. விளங்குதோ?"

தலையை ஆட்டினேன். என் புருஷனுக்குக் காய்ச்சல் கண்டபோது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸரிடம் சொல்லிக் கொய்னா மருந்து வாங்கிக் கொடுத்தவர் அவர். அவரைக் கெட்ட மனிதர் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

வான்கோழிக் குஞ்சைப் போல ஒரு மடக் குஞ்சைப் பார்க்க முடியாது. தண்ணீர் எதிரே இருக்கும், குடிக்கத் தெரியாது. மூக்கைப் பிடித்து முக்கிக் காட்ட வேண்டும். தூறல் விழுந்தால் ஒதுங்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்று நனையும், நனைந்த அன்றே சாகும். முட்டையை அவித்துப் பொடியாக நறுக்கி, வெங்காயத் தாளோடு பிசைந்து போடச் சொன்னாள் துரைசானி. பங்களாக் குசினியிலிருந்து தினமும் முட்டை வரும். நான் அவித்து உரிப்பேன்.

அக்கா ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"யாருக்குடி முட்ட?"

"குஞ்சுக்குத்தான்க்கா."

"தொர வீட்டுக் குஞ்சு முட்ட திங்குது. தொரைக்கு வேல செய்யிறவ குஞ்சு கஞ்சி குடிக்குது. அடுத்த பொறப்புல ரெக்கையோட பொறக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அவளுடைய குழந்தை சிரிக்கவில்லை. என் கையில் இருந்த முட்டையையே பார்த்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்றால் குசினிக்காரர் எண்ணித்தான் அனுப்புவார். ஓட்டில் ஒட்டியிருந்த வெள்ளைக் கருவைச் சுரண்டிக் கொடுத்தேன்.

குஞ்சுகள் பெரிதாகின. ஆண்கள் வெட்டு முடிந்து பால் வாளியோடு வரும்போது என்னைப் பார்த்து "கொளகொளகொள" என்று கத்துவார்கள். "தொரைக்கோழி சம்சாரம் வருது, வழி விடுங்கடா" என்பான் ஒருவன். என் புருஷனிடம், "என்னா அண்ணே, வீட்டுலயும் அப்படித்தான் கத்துதா?" என்று கேட்பார்கள். அவர் பேசாமல் போய்விடுவார். அவருக்கும் என்னைப் போலத்தான் வாய்.

பங்களாக் குசினிக்காரர் தமிழ்க் கத்தோலிக்கர். கழுத்தில் ஜெபமாலை போட்டிருப்பார், என்னைத் தங்கச்சி என்பார். கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் மூன்று சேவல்களை அறுத்தோம். நான் காலைப் பிடித்தேன். வான்கோழிக்குப் பலம் அதிகம். இறக்கையால் என் கன்னத்தில் அடித்த அடியில் பல் ஆடியது. கொதிதண்ணீரில் முக்கி நான் மயிர் பிடுங்கினேன். அவர் வயிற்றைக் கிழித்தார். இரண்டாவது கோழியில் கத்தி ஆழமாகப் போய்க் குடல் கிழிந்துவிட்டது. உள்ளே இருந்ததெல்லாம் கறி மேல் வழிந்தது.

"சனியன்" என்று சொல்லிவிட்டு அவர் பெரிய துத்தநாகத் தொட்டியில் அதை முக்கிக் கழுவினார். கிணறு தூரம். தண்ணீரை மாற்றவில்லை. முதல் கோழி, மூன்றாம் கோழி எல்லாவற்றையும் அதே தொட்டியில்தான் அலசினார். தண்ணீர் கழுநீர் நிறத்துக்கு வந்திருந்தது. வெளியே எடுத்தபோது மூன்றும் பளபளவென்று வெள்ளையாக இருந்தன. கறி வெள்ளையாக இருந்தால் சுத்தம் என்று நாங்கள் நினைத்தோம்.

கடலோரக் கோத்தா கோலா மூடாவில் மீன்காரர்களுக்கு ஐஸ் கொண்டுபோகும் லாரி அந்த வாரம் எங்கள் தோட்டத்துக்கும் வந்தது. சாக்கில் சுற்றி, மரத்தூளில் புதைத்த ஐஸ் பாறைகள். லயத்துச் சனம் லாரியைப் பார்க்கவே வந்தது. ஐஸை அதற்கு முன்னால் தொட்டவர்கள் எங்களில் குறைவு. தகரம் அடித்த இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் துரைமார் குடிப்பதற்கான ஐஸ். அதன் பூட்டுச் சாவி துரைசானியிடம். இன்னொன்றில் ஐஸைப் பரப்பி, அதன் மேல் மூன்று வான்கோழிகளையும் படுக்க வைத்து, மேலேயும் ஐஸ் போட்டு மூடினார் குசினிக்காரர்.

கிறிஸ்மஸ் அன்று சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் கார்களில் வந்தார்கள். வான்கோழியைக் காலையிலிருந்தே வேகவைத்துச் சிவக்கச் சுட்டிருந்தார்கள். எலும்பு தானாகக் கழன்று வந்தது. சாப்பிட்டார்கள், குடித்தார்கள், பாடினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைப் பிறகு என்னிடம் பல தடவை சொன்னார்கள்.

அடுத்த நாள் காலை லயத்துப் பிள்ளைகளுக்குப் பங்களாப் புல்தரையில் ஏதாவது கொடுப்பது பழக்கம். பழைய துரை காலத்தில் ரொட்டியும் மிட்டாயும் கொடுப்பார்கள். துரைசானி பினாங்குத் தெருவில் ஐஸ் உருண்டை விற்பதைப் பார்த்திருக்கிறாள். கோழி இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தாள். பாதிக்கு மேல் கரைந்து, இன்னும் பெரிய துண்டு ஒன்று மிச்சம் இருந்தது.

"இது பிள்ளைக்கு" என்று கையால் காட்டினாள். பூட்டிய பெட்டியைத் தொட வேண்டாம் என்றும் காட்டினாள். சாயங்காலம் இன்னும் இரண்டு துரைமார் வர இருந்தார்கள்.

குசினிக்காரர் அந்தத் துண்டை எடுத்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். ஓரங்கள் லேசான ரோஜா நிறத்தில் இருந்தன.

"அண்ணே, இது கோழி கெடந்த ஐஸு" என்றேன்.

"அதுனால என்னா? கைய வச்சுப் பாரு."

வைத்தேன். சுட்டது போல இருந்தது, எடுத்துவிட்டேன்.

"ஒனக்கே பொறுக்கல. இதுல பூச்சி புழு உசிரோட இருக்குமா? ஐஸவிடச் சுத்தமானது ஒலகத்துல கெடையாது தங்கச்சி. செகப்பு சர்பத் ஊத்துனா கலரும் தெரியாது."

எனக்கும் அது சரி என்றே பட்டது. இவ்வளவு குளிரில் எது பிழைக்கும்? லயத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பல வருஷம் கழித்து ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போனேன். அங்கே பச்சைக் கோழிக்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி. பச்சைக் கோழித் தண்ணீர் ஒரு சொட்டு வேகாத பண்டத்தில் விழுந்தால் அத்தனையையும் கொட்டச் சொல்வார்கள். குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். வெதுவெதுப்பு வந்தால் எழுந்து பெருகும் என்று அங்கே இருந்த நர்ஸ் மிஸ்ஸி சொன்னாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

புல்தரையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். குசினிக்காரர் கத்தி பதித்த பலகையில் ஐஸைத் தேய்த்தார். நான் தூளை அள்ளி உருட்டினேன். துரைசானி அதன் மேல் சர்பத் ஊற்றித் தன் கையாலேயே கொடுத்தாள். பிள்ளைகள் உருண்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றிக் குதித்தன. வாயெல்லாம் சிவப்பு. துரை படம் பிடித்தார். நானும் ஓர் உருண்டை தின்றேன்.

அக்கா தன் குழந்தையைக் கொண்டுவரவில்லை. அதற்கு முதல் நாளிலிருந்தே உடம்பு சுட்டது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கையில் ஒரு தூக்குச் சட்டி. பலகைக்கு அடியில் இருந்த பேசினில் ஐஸ் கரைந்த தண்ணீர் சேர்ந்திருந்தது.

"இந்தத் தண்ணிய என்னா செய்வீங்க?" என்று குசினிக்காரரிடம் கேட்டாள்.

"கொட்டத்தான்."

"கொட்டாதீங்கண்ணே. புள்ளைக்குச் சூடு. ஐஸ் தண்ணி சூட்ட இழுத்துரும்."

அவள் மட்டும் இல்லை. இன்னும் இரண்டு பேர் டப்பாவில் வாங்கிப் போனார்கள். ஐஸ் தண்ணீர் சூட்டுக்கு மருந்து என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. டவுன் ஆஸ்பத்திரியில் தலைக்கு ஐஸ் வைப்பதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னது. தலைக்கு வெளியே வைத்தால் நல்லது என்றால் வயிற்றுக்குள்ளே போனால் இன்னும் நல்லதுதானே.

அன்று மத்தியானம் வெயில் கடுமை. அக்கா குழந்தையை லயத்துக்குத் தூக்கிவந்து, தூக்குச் சட்டியை மூடிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். மறுநாள் விடியும்போது லயத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும். எனக்கும்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பலகைச் சுவருக்கு மேலாக அக்காவின் குரல் கேட்டது.

"இன்னுங் கொஞ்சங் குடி தங்கம். ஐஸ் தண்ணிடி. தொர வீட்டுத் தண்ணிடி."

எழுந்து போகச் சக்தி இல்லை. போயிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

உருண்டை தின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. தண்ணீர் வாங்கிப்போன மற்ற இரண்டு பேரும் அதைப் பெரியவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்களும் துவண்டு கிடந்து பிழைத்தார்கள். அக்காவின் குழந்தை எழவில்லை. டிரெஸர் வந்து ஒரு மருந்து கொடுத்தார். அதைக் கக்கியது. கண் உள்ளே போய், உதடு வெடித்து, அழக்கூடத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. அடுத்த நாள் மத்தியானம், ஆண்கள் பால் கொண்டுபோய்ப் போடும் நேரத்தில், போய்விட்டது. பழைய ரப்பர் மரங்களுக்கு நடுவே புதைத்தார்கள். துரைசானி ஒரு டின் பிஸ்கட் அனுப்பினாள். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். துரைசானி அனுப்பியதை ஒரு கையால் வாங்கக் கூடாது.

அதற்குப் பிறகு பேச்சு கிளம்பியது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது.

"வான்கோழிப் பீய அள்ளுன கையி."

"அதே கையால உருட்டிக் குடுத்தாளே, நான் பாத்தேன்."

"அவ குஞ்சுக்கு முட்ட. நம்ம குஞ்சுக்குப் பீ."

கிணற்றடியில் என் வாளியை எடுத்து வெளியே வைத்தார்கள். நான் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். என்னைக் "கொளகொள" என்று கேலி செய்தவன் இப்போது என்னைப் பார்த்தால் துப்பினான். என் வாசலில் யாரோ கோழி எச்சத்தை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். என் புருஷன் மண்வெட்டியால் அள்ளிப் போட்டுவிட்டு வெட்டுக்குப் போனார். எங்களைத் தோட்டத்தை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று அவர்தான் கேட்டு வந்து சொன்னார். மற்றத் தோட்டத்திலும் விசாரிப்பார்கள்; பிள்ளையைக் கொன்றவள் என்று பேர் வந்துவிட்டால் யார் சேர்ப்பார்கள்? பெரிய தோட்டம் எதுவும் சேர்க்காது.

டிரெஸர் பினாயில் டின்னோடு லயத்துக்கு வந்தார். சாக்கடை, கக்கூஸ், எல்லாவற்றையும் பார்த்து மூக்கைப் பொத்தினார். பிறகு என் வாசலில் நின்றார்.

"கையைக் காட்டு."

நீட்டினேன். என் விரலைப் பிடித்துத் திருப்பி, சுற்றி நின்ற பெண்களிடம் காட்டினார்.

"பாத்துக்குங்க. நகத்த பாத்துக்குங்க."

நகத்தின் அடியில் கறுப்பு. பால் வெட்டுகிறவர்கள் நகம் கறுப்பாகத்தான் இருக்கும். மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் நகக்கண்ணில் ஏறினால், வெட்டை விட்டு மாசமானாலும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அங்கே நின்று பார்த்த அத்தனை பேர் நகமும் அப்படித்தான். அவர்கள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு என் நகத்தைப் பார்த்தார்கள்.

ஆபீஸ் முன்கட்டில் விசாரணை வைத்தார்கள். துரை நாற்காலியில். பெரிய கிராணியார் பக்கத்தில் நின்றார். குசினிக்காரரும் டிரெஸரும் ஒரு பக்கம். நான் படிக்குக் கீழே. லயத்துச் சனம் பின்னால், முன்வரிசையில் அக்கா. அவள் தலை வாரவில்லை.

துரை நீளமாக ஏதோ சொன்னார். கிராணியார் தமிழில் சொன்னார்.

"துரை சொல்லுறார், வான்கோழியை அவையள் எல்லாரும் சாப்பிட்டவை. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. அப்ப கோழியிலை பிழையில்லை. பிழை லயத்திலை. இல்லாட்டி உருட்டிக் குடுத்தவளின்ரை கையிலை. என்ன சொல்லுறாய்?"

அன்றைக்குப் பேசாவிட்டால் எங்கும் நிற்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அய்யா, அந்த ஐஸு கோழி கெடந்த ஐஸுங்க. கொடலு கிழிஞ்ச கோழி. ரெண்டு நாளு அதுலதான் கெடந்துச்சு. அவுங்க தின்னது வெந்த கறி. புள்ளைங்க தின்னது வேகாத ஐஸு."

இவ்வளவையும் நான் எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம். இரண்டு நாளாக ஓடைக்குத் தனியாகத் தண்ணீருக்குப் போனபோது நடையில் யோசித்து யோசித்து வந்தது அது.

கிராணியார் துரையின் பக்கம் திரும்பவில்லை. குசினிக்காரரைப் பார்த்தார்.

"ஐஸ் எப்பிடி இருந்தது?"

குசினிக்காரர் ஜெபமாலையைச் சட்டைக்குள் விட்டார். "சுத்தமா இருந்துச்சுங்கய்யா. கழுவித்தான் குடுத்தேன்." பிறகு என்னைப் பார்க்காமல், "எனக்கு அஞ்சு புள்ள தங்கச்சி" என்று மெதுவாகச் சொன்னார்.

"கேட்டியோ?" என்றார் கிராணியார் என்னிடம். குரலைத் தாழ்த்தினார். துரைக்கு விளங்காது என்றாலும் தாழ்த்தினார். "அந்த ஐஸைக் குடுக்கச் சொன்னது ஆர்? துரைசானி. நீ சொன்னதை நான் துரையிட்டைச் சொன்னால், அவரின்ரை மனிசி பிள்ளையைச் சாக்காட்டினவள் எண்டு வரும். சொல்லுவனோ? எனக்கென்ன விசரோ?"

"எங் கையி இல்லைங்கய்யா" என்றேன். "அக்கா புள்ள நான் உருட்டுனத திங்கவே இல்ல. அது புல்லுத்தரைக்கே வரல. அது குடிச்சது..."

அங்கே நின்றுவிட்டேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கத் தொடங்கியது. அது அவள் முகத்தில் மெல்ல ஏறி வந்ததைப் பார்த்தேன். வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

நான் முடிக்காததைக் கிராணியார் முடித்தார். அவர் கெட்டிக்காரர், அன்று புல்தரையிலும் நின்றவர்.

"ஓ. தண்ணி குடிச்சதோ? ஆர் குடுத்தது?" அவர் படியில் ஒன்று இறங்கி அக்காவின் நேரே நின்றார். "நீதானே தூக்குச் சட்டியிலை கொண்டு போனனி? நீதானே பருக்கினனி?"

அக்கா முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"இஞ்சை பார். ரெண்டிலை ஒண்டுதான் நான் துரையிட்டைச் சொல்ல ஏலும். இவளின்ரை ஊத்தைக் கை எண்டு சொல்லவோ? இல்லாட்டித் தாய் குடுத்த தண்ணி எண்டு சொல்லவோ? நீயே சொல்லு. உன்ரை பிள்ளை."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் ஒரு கிழவன், "சொல்லும்மா, தொர நிக்கிறாரு" என்றான்.

அக்கா என்னைத்தான் பார்த்தாள். அவள் குழந்தைக்கு என் மடியில் எத்தனையோ நாள் சோறு ஊட்டியிருக்கிறேன். அவளுக்குக் காய்ச்சல் என்றால் நான்தான் கஞ்சி வைப்பேன். அதெல்லாம் அந்தப் பார்வையில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். அங்கே இருந்தது பயம்தான்.

"அவ கைதான்" என்றாள் அக்கா.

"பிலத்துச் சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

"அவ கைதான். பீயி அள்ளுன கையி. ஆயாக்கொட்டகைக்கு வந்து எம் புள்ளையத் தூக்குனா. நான் பாத்தேன்."

நான் அன்றைக்கு ஆயாக்கொட்டகைப் பக்கமே போகவில்லை. அது அவளுக்கும் தெரியும். லயத்தில் பாதிப் பேருக்குத் தெரியும்.

கிராணியார் துரையிடம் இங்கிலீசில் சொன்னார். நாலைந்து வார்த்தைதான். துரை என் கையைப் பார்த்தார். நான் பின்னால் மறைத்துக்கொண்டேன். அது எனக்கு எதிராகப் போயிற்று. துரை எழுந்து ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"நாளைக்கு விடிய அறையைக் காலி பண்ண வேணும்" என்றார் கிராணியார். "உன்ரை மனிசனும் போகட்டாம். நல்ல காலம், பொலிசுக்குப் போகேல்லை."

கூட்டம் கலைந்தது. பெண்கள் அக்காவைச் சுற்றிக்கொண்டு கூட்டிப்போனார்கள். ஒருத்தி அவள் முதுகைத் தடவி, "நீ என்னா செய்வ, நீ என்னா செய்வ" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் அங்கேயே நின்றேன். என் புருஷன் வந்து, "வா" என்றார். அன்று சாயங்காலம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அடுப்பு மூட்டவில்லை. பாத்திரம் நகரவில்லை. அவள் அங்கே இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள நான் சுவரில் காதை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ நெருக்கமாக நின்று மூச்சு விடுவது கேட்டது.

மறுநாள் காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் நின்றுகொண்டிருந்தபோது, நானும் என் புருஷனும் இரண்டு மூட்டையோடு கிளம்பினோம். மத்தியானம் புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு சீனரின் சின்னத் தோட்டத்தில் ஆள் எடுத்தார்கள். மரம் வெட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். தெரியும் என்றோம்.